கிணற்றுத் தண்ணீர் பேட்டரி

"ஆசிட் இல்லாத பேட்டரியா? எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேண்டாம்!"

சூசையப்பனிடம் இப்படித் திட்டு வாங்காத டிரைவர் அன்றைக்கு மீனாட்சிபுரத்தில் கிடையாது. எழுபத்து நாலாம் வருஷம். கொழிஞ்சாம்பாறை ரோட்டில் அவருடைய பழைய இரும்புக் கடை. மற்ற கடைக்காரர்கள் ஆசிட்டை வெளியே கொட்டச் சொல்லிவிட்டுத்தான் பேட்டரியைத் தராசில் ஏற்றுவார்கள். இவர் மட்டும் ஆசிட்டோடு நிறுத்து, அந்த எடைக்கும் காசு கொடுப்பார்.

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று டீக்கடையில் நாங்கள் சிரிக்காத நாளில்லை.

இப்போது அந்த இடத்தில் மாடி வீடு. அந்த வழியாகப் போனால் இன்றும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

என் வாடகைக் கார் அம்பாசடரின் பேட்டரி ஒரு புதன்கிழமை அடியோடு செத்தது. வெள்ளிக்கிழமை கல்யாணச் சவாரி. பழையதைப் போட்டுக் காசு வாங்கினால்தான் புதியது வாங்க முடியும். என் போதாத காலம், மூடிகளைச் சரியாகத் திருகாமல் சைக்கிளில் வைத்துக் கட்டினேன். சைக்கிள் சாய்ந்தது. ஆசிட் அத்தனையும் மண்ணில்.

"சவாரி போச்சே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி முத்தாத்தாள் அசரவில்லை. "ஏனுங்க, இதுக்குப் போயி உக்காந்துட்டீங்க? கெணத்துத் தண்ணிய ஊத்தி மூடுங்க. அவருக்கென்ன தெரியவா போகுது?"

ஆறு ஓட்டையிலும் ஊற்றினேன்.

கடையில் சூசையப்பன் ஒரு மூடியைத் திறந்தார். ஆசிட் பார்க்கிற கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது?" என்றேன்.

"உம். ஊட்டுல எங்க வெச்சுக் கட்டி எடுத்துட்டு வந்தீங்க?"

"கட்டுத்தரைக்குப் பக்கத்துலதானுங்க. அங்கதான் எருமை நிக்குது, நெழலு இருக்குது."

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தார், காசைக் கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னதும் முத்தாத்தாள் வயிறு வலிக்கச் சிரித்தாள். நானும்தான்.

சாயங்காலம் பால் கறக்கிற நேரம். சைக்கிள் மணி கேட்டது. பார்த்தால் சூசையப்பன்!

"காசத் திருப்பிக் கேக்க வந்துட்டாருங்க," என்று முத்தாத்தாள் உள்ளே ஓடிவிட்டாள்.

அவர் வாசல் பக்கமே வரவில்லை. நேரே கட்டுத்தரைக்குப் போனார். எருமையை அவிழ்த்துத் தள்ளி ஒரு தென்னையில் கட்டினார். கீழே கிடந்த சோளத்தட்டை ஒதுக்கினார். கேரியரிலிருந்து சுண்ணாம்பு மூட்டையை இறக்கி, ஆசிட் கொட்டிய இடத்தில் போட்டுக் கிளறினார். பிறகு அந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிச் சாக்கில் அள்ளினார்.

"இந்த எடத்துல மாட்டக் கட்டாதீங்க. சோளத்தட்டும் போடாதீங்க. ஆசிட்டுல ஈயம் கலந்திருக்குதுங்க, மாட்டுக்கு வெஷம்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "கண்ட எடத்துல கொட்டுவீங்கன்னுதானுங்க நான் ஆசிட்டோட வாங்கறதே."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மடியிலிருந்த காசை எடுத்து நீட்டினேன்.

"தண்ணின்னு தெரிஞ்சும் ஏனுங்க காசு குடுத்தீங்க? அங்கயே என்னையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

சூசையப்பன் காசை என் கைக்குள்ளேயே மூடி வைத்தார். சாக்கைக் கேரியரில் ஏற்றிக் கட்டினார்.

"கேட்டிருந்தா, கட்டுத்தரைன்னு நெசத்தச் சொல்லியிருப்பீங்களா?"