அம்மா ஓட்டிய வண்டி

"பெயின்ட்டைப் பாருங்க தம்பி, மொகம் தெரியுதா?" என்றார் ஐயா, மூடியிருந்த போர்வையை உருவியபடி.

தெரிந்தது. சிவப்புப் பெயின்ட்டில் என் முகம்தான் நெளிந்து தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, திரும்பிக்கொண்டேன்.

இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். வயது ஐம்பதைத் தாண்டியும் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. சீட்டின் தோல் இன்னும் மெத்தென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐயா துடைக்கிற துடைப்பில் அவர் விரல் ரேகைதான் தேய்ந்திருக்கும். ஓடாது, அவ்வளவுதான். என்ஜின் இறுகிப்போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

நான் இவர்கள் வீட்டு மெக்கானிக். அடுத்த மாதம் ஐயாவும் அம்மாவும் தங்கள் மகன் வீட்டோடு போகிறார்கள், அங்கே ஒரு காருக்குத்தான் இடம். பழைய கார் சேகரிக்கிற யாரோ ஒருவர் தன் மெக்கானிக்கோடு பார்க்க வருகிறார் என்று ஐயா போனில் சொன்னார். நானே எடுத்துக்கறேன் ஐயா என்றேன். பேரம்கூடப் பேசவில்லை.

செத்த என்ஜினை வாங்கி என்ன செய்யப்போகிறாய், பைத்தியமா உனக்கு என்றாள் என் மனைவி. காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை. வேறொருத்தன் இந்த வண்டிக்கு அடியில் படுப்பதற்குள் இது என் ஷெட்டுக்குப் போயாக வேண்டும்.

அம்மா காபியோடு வந்தார். ஐயாவின் வாய் சும்மா இருக்குமா?

"ஒரே ஒரு நாள் இவ கையில குடுத்தேன். வேலைய முடிச்சுட்டா. அதுலேர்ந்து இவளுக்குத் தள்ளுவண்டிகூடக் குடுக்கறதில்ல!"

இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அம்மா தலையைக் குனிந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அந்த ஒரு நாளுக்கு முன்னால் அம்மா வீட்டின் இன்னொரு காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போய்வந்தவர். அந்த நாளுக்கப்புறம் ஐயா எந்த வண்டியையும் அவரிடம் தரவில்லை. தினமும் கொண்டுபோய் விட ஐயாவுக்கு நேரமில்லை. வருஷம் முடிவதற்குள் அம்மா வேலையையே விட்டுவிட்டார்.

காரை ஏற்றிப்போக லாரி வந்து ஹாரன் அடித்தது. வழி காட்ட ஐயா கேட்டுக்குப் போனார்.

அம்மா சாவியை என் கையில் வைத்தார். கூடவே ஒரு சின்னத் துணி முடிச்சு. பிரித்தேன். ஒரு போல்ட்.

"இது இந்த வண்டியோடதா பாருங்க, தம்பி."

"தெரியலைங்கம்மா. ஏதாவது பழைய சாமானா இருக்கும்."

தெரியாமல் என்ன? கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சொல்வேன். என்ஜின் ஆயிலை வடிக்கிற துளைக்கு மூடியாக இருக்கிற போல்ட் அது. எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்பானர் போட்டு இறுக்கிய போல்ட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுவோம். கோடு இல்லையென்றால் வேலை முடியவில்லை. இதில் கோடு இல்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பழைய ஆயிலை வடித்துவிட்டு, இதைக் கையால் மட்டும் முறுக்கி வைத்துவிட்டு, வாசலில் கூப்பிட்ட ஆளோடு பேசப் போனேன். திரும்பி வந்து புது ஆயிலை ஊற்றி வண்டியை அனுப்பிவிட்டேன். ஷெட் திறந்து அப்போது மூன்றே மாதம்.

மறுநாள் அம்மா எடுத்துப்போனார். வழியில் போல்ட் கழன்று, ஆயில் கொட்டி, என்ஜின் இறுகி வண்டி நின்றதும் எனக்குத்தான் முதல் போன். ஆயில் விளக்கு செவப்பா எரிஞ்சதும் ஓரங்கட்ட எடம் பாத்தேன் தம்பி, அதுக்குள்ள நின்னுடுச்சு என்று சொன்னார். ஐயா வந்து சேர்வதற்குள் அடியில் படுத்து, காலியாக இருந்த துளையில் ஒரு லாரி போல்ட்டை அடித்து இறக்கினேன். வேகத்தடையில அடி தட்டி ஆயில் கொட்டியிருக்கு, விளக்கு எரிஞ்சத அம்மா கவனிக்கல என்று ஐயாவிடம் சொன்னேன். அம்மா அங்கேதான் நின்றிருந்தார். அப்புறம் என்ஜினைப் பிரிக்கலாமா என்று ஐயா கேட்டபோதெல்லாம், பிரிச்சா இன்னும் கெட்டுடும் என்றேன்.

இப்போது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு சாயங்காலமே ரோட்டுல ஆயில் சொட்டுன வழியா நடந்து போனேன். வேகத்தடைகிட்ட கெடந்துச்சு. வேற மெக்கானிக்கிட்ட காட்டித்தான் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஐயாகிட்ட கொண்டுவந்து குடுத்தேன். அவர் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு, வண்டியோட போல்ட் அது எடத்துலதான் இருக்கு, ரோட்டுல கெடக்கறதையெல்லாம் பொறுக்கிட்டு வராதேன்னுட்டாரு."

குரல் உயரவே இல்லை.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன், தம்பி."

பத்தொன்பது வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து, இவர் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன். இதோ, இன்றைக்குக் கொடுத்ததும் பாதிக்கு மேல் குடித்தாயிற்று. நானெல்லாம் ஒரு மனுஷனா?

சொல்லிவிட வேண்டும். இப்போதே, ஐயா காதில் விழும்படி. போல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து இரண்டடி வைத்தேன். ஐயா என்று வாயெடுத்தேன்.

அவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"தம்பி, சாவி பத்திரம்! அவ கையில குடுத்துராதீங்க!"

லாரிக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நான் சிரித்துவிட்டேன்.