சொந்தக்காரர் ஒருத்தரின் ஸ்கேன்

ஸ்கேன் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஓசைப்படாமல் மாடி ஏறினார் ஆபரேட்டர். யாராவது பார்த்தால் ஆஸ்பத்திரிச் சொத்தைக் கடத்திக்கொண்டு போகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

மூளை நரம்பு டாக்டரம்மா அப்போதுதான் காலை நோயாளிகளை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல டாக்டர். சொந்தக்காரர் ஒருத்தரோட படம். சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

சொன்னாரே தவிர, படத்தை அவரே உருவி, அவரே வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இருபத்திரண்டு வருடமாக எம்.ஆர்.ஐ. மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவர். எது நல்ல படம், எது கெட்ட படம் என்று டாக்டர்கள் வாய் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நோயாளிகளிடம் மட்டும் மூச்சு விடமாட்டார். "டாக்டர் சொல்வாங்க" என்பதோடு சரி.

இந்தப் படம் கெட்ட படம்.

"இங்க பாருங்க. ஞாபகத்தச் சேத்து வைக்கிற இடம், ரெண்டு பக்கமும் வத்திப் போயிருக்கு. ஆளுக்கு இன்னும் அறுபது ஆகல. அல்சைமர்தானே?"

டாக்டரம்மா படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"படத்த மட்டும் வெச்சு அப்படிச் சொல்ல முடியாதுண்ணே."

"அப்புறம் எதுக்கு எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்பறீங்க? எனக்கு வேலை குடுக்கவா?"

டாக்டரம்மா லேசாகச் சிரித்தார். "தலைக்குள்ள கட்டி இருக்கா, ரத்தம் கசிஞ்சிருக்கான்னு பாக்கணும்ல. தைராய்டு கெட்டாலும் மறதி வரும், வைட்டமின் குறைஞ்சாலும் வரும். அதுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஞாபகத்துக்கு டெஸ்ட் வெக்கணும். எல்லாத்துக்கும் மேல, கூட இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினாத்தான் அல்சைமர்."

"ஆளுக்கு மறதியே இல்லன்னா?"

"மறதியே இல்லன்னா, இந்தப் படத்த வெச்சு யாரும் அவர நோயாளின்னு சொல்ல மாட்டோம்."

ஆபரேட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அந்தச் சொந்தக்காரர் நான்தான் டாக்டர்."

டாக்டரம்மா அசையவில்லை. எதைச் சொன்னாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் இவர்கள் பெரிய கைகாரர்கள். ஆபரேட்டர் பார்க்காத டாக்டர்களா?

"இன்னிக்குக் காலைல புது மெஷின சரிபாக்க இன்ஜினியர் வந்தார். நோய்நொடி இல்லாத ஆள் ஒருத்தர் உள்ள படுக்கணும்னார். என்ன விட்டா வேற யாரு? ஜம்முனு போய்ப் படுத்தேன். வெளிய வந்து திரையப் பாத்தா, இது."

"பயந்துட்டீங்களா?"

"சாகறதுக்கெல்லாம் பயமில்ல. மெஷின நெனச்சாத்தான் பயம். அது எவ்வளவு பெரிய காந்தம்! நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்ச ஆள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேக்க மறந்து உள்ள அனுப்பிட்டேன்னு வைங்க, உயிரே போயிடும்... இத்தன வருஷத்துல அப்படி ஒருத்தரக்கூட அனுப்புனதில்ல. வாட்ச், மோதிரம், சாவி, நெஞ்சுல மெஷின், உடம்புல கம்பி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அது நிஜம்தான். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடமே சாவியையும் மோதிரத்தையும் கழற்றி வைக்கச் சொல்வார் போலிருக்கிறது என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

"இப்ப கீழ மெஷின்ல யாரு இருக்கா?"

"அந்தச் சின்னப் பொண்ணுதான். எதுக்கெடுத்தாலும் என்கூட மல்லுக்கு நிப்பாளே, அவதான். இப்ப என்னடான்னா ஒரு பட்டனக்கூடத் தொட விட மாட்டேங்கறா. 'நீங்க உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்'ங்கறா. திடீர்னு என்ன மரியாதையோ!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து, வெளிச்சப் பெட்டியை அணைத்துவிட்டு, படத்தை உறைக்குள் போட்டார்.

அந்தக் குளிர்ந்த ஸ்கேன் அறையை விட்டால் ஆபரேட்டருக்கு வேறு போக்கிடம் கிடையாது. வேறு வேலை தெரியாது. வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது.

"அப்ப நான் கீழ போய் என் வேலையப் பாக்கலாமில்லையா டாக்டர்? இது வெறும் படந்தான?"

டாக்டரம்மா தன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட இருக்கறவங்களத்தான் கேக்கணும்னீங்க. நீங்களும் என்கூட இத்தன வருஷமா இருக்கறவங்கதான. மனசாட்சியோட சொல்லுங்க, என்கிட்ட மறதின்னு எதையாவது பாத்திருக்கீங்களா?"

"நாலு நாளா தினமும் வந்து இதையேதாண்ணே கேக்கறீங்க."