லோடு லாரி

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் மேடு தொடங்கியது. அவள் கைக்கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாய்ந்தாள்.

தொட்டியிலிருந்து மேலே தபால் பெட்டி வரை நானூறு மீட்டர். ஓட்டக்காரர்களின் செல்போன் செயலியில் அந்தத் தெருவின் ரெக்கார்டு 'சிறுத்தை' என்ற பெயரில் இருந்தது. ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

யாராவது அதை முறியடித்தால், முறியடித்தவர் பெயரோடு தோற்றவருக்கு அந்த நிமிடமே தகவல் போகும். அது போதும் அவளுக்கு. அந்த ஆளுக்கு வயிறு எரிய வேண்டும்.

ஐந்து மாதத்துக்கு முன் பூங்காவில், பத்துப் பேர் நடுவில், அவள் ஓடி வருவதைப் பார்த்து, "லோடு லாரி வருது, ஒதுங்குங்கப்பா!" என்றானே, பாவி!

எல்லாரும் சிரித்தார்கள். அசடு மாதிரி அவளும் சிரித்துத் தொலைத்தாள். அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அன்றைக்கே செயலியில் சேர்ந்தாள். பெயர் கேட்டது. 'லோடு லாரி' என்றே போட்டாள்.

பாதி மேட்டில் மூச்சு இரைத்தது. நாற்பத்தாறு வயதில் உனக்கு இது தேவையா என்று முழங்கால் கேட்டது. நியாயமான கேள்விதான். சும்மா கிட என்று அதட்டிவிட்டு ஓடினாள்.

அப்போதுதான் அது வந்தது. பள்ளிக்கூட நூறு மீட்டரோடு போய்விட்டதாக அவள் நினைத்திருந்த வேகம். காலுக்குள் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

காதில் காற்று விர்ரென்றது. பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் பிடிப்பவளுக்குத் தன் ரத்தம் துள்ளுவது தெரிந்தது. அடேயப்பா! வாய்விட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் அந்த ஆளையே மறந்துபோனாள்.

தபால் பெட்டியைத் தொட்டாள். ஒரு நிமிடம் நாற்பத்தேழு.

உடனே அவன் ஞாபகம் வந்துவிட்டது. அவன் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்காமல் விடுவதா? வீட்டை நோக்கி ஓடினாள்.

கதவைத் திறந்தபோது கூடத்தில் கணவன் பனியனோடு நின்றிருந்தான். கையில் போன். முகம் கறுத்திருந்தது.

"யாருடி இந்த லோடு லாரி? எவனோ என் ரெக்கார்டைத் தூக்கிட்டான்!"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை.

கழற்றப் போன ஷூவை மறுபடி இறுக்கிக் கட்டினாள். சிறுத்தையின் பெயரில் இன்னும் நான்கு தெருக்கள் இருந்தன.