மடிந்த கைகள்

கும்பிடுபூச்சி கையை மடித்திருப்பது இரை பிடிக்கத்தான். அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி தெரியும். நமக்கு நேரே இருக்கும் கண்ணறைகள் மட்டும் இருண்டு தெரிவதால், பத்துப் பேர் சுற்றி நின்றாலும் பத்துப் பேருக்கும் அது தன்னையே பார்ப்பதாகத் தோன்றும்.

அன்று காலை தேயிலைத் தோட்டத்தில் கங்காணி சின்னராசா, போன மாதம் குளவி கொட்டி ஒருத்தி செத்த செடி வரிசையையே, அந்த நிரையையே, கொழுந்து பறிக்கத் தவமணிக்குக் கொடுத்தார்.

"கூடு இன்னும் அங்கதான் இருக்கு கங்காணி."

"வாய் பேசுறவளுக்கு அந்த நிரைதான். பூச்சிகூடக் கும்பிடுது பாரு, நீயும் கும்பிட்டுட்டு எறங்கு."

தேயிலைச் செடியில் இருந்த பூச்சியைத் தவமணி குனிந்து பார்த்தாள். புள்ளி அவளைப் பார்க்கவில்லை. சுற்றிவந்தாள். எங்கிருந்து பார்த்தாலும் அது கங்காணியையே பார்த்தது. அடுத்த செடியிலும் ஒன்று இருந்தது. நிரை முடியும்வரை செடிக்கு ஒன்று இருந்தது.

அதைக் கண்ட கங்காணி இரண்டடி பின்வாங்கினார். எல்லாப் பூச்சிகளின் தலைகளும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பின.

"சரி, நீ மேல் நிரைக்குப் போ" என்றார். ரோட்டுக்கு இறங்க அவருக்கு இந்த நிரையை விட்டால் வேறு வழியில்லை. "அதுக்கு முன்ன கீழ வரைக்கும் கூட வாம்மா."

"பூச்சிதானே கங்காணி. கும்பிட்டுட்டு எறங்குங்க."

தவமணி கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். கீழே, மடிந்த கைகள் ஒவ்வொன்றாக விரிந்தன.