சீட்டில் இருந்த பெயர்

ஆஸ்பத்திரிச் சீட்டில் மனைவியின் பெயர்தான் இருந்தது. பேசியதெல்லாம் கணவர்.

"உடம்பு பூரா வலி டாக்டர். தூக்கமே கிடையாது. ரத்த டெஸ்ட்ல ஒண்ணுமில்ல. நடிப்புங்கிறாங்க."

"ஃபைப்ரோமயால்ஜியாங்கிற தசைவலி நோயா இருக்கலாம். மாத்திரை இருக்கு, தினசரி உடற்பயிற்சியும் இருக்கு."

"ரெண்டுல எது ஏமாத்து வேலை?"

"ரெண்டும் இல்லைங்க. உடற்பயிற்சி பலன் தர நாளாகும். மாத்திரை வலியைக் குறைக்கும், ஆனா பகல்லயும் கண்ணைச் சொக்க வைக்கும்."

"ஐயோ, மாத்திரை வேணாம்! கிரேன் மேல உக்காந்து தூங்கினா என்னாகிறது?"

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்களாம்மா கிரேன் ஓட்டுறீங்க?"

"நான் தையல்காரி. எனக்கு ஒரு வலியும் இல்ல." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கூட வேலை செய்றவங்களுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாங்கன்னு என் பேர்ல சீட்டு எடுத்துட்டாரு."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப இது நடிப்பு இல்லையே டாக்டர்?"

"நிஜ வலிதாங்க. ஆம்பளைங்களுக்கும் வரும். சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க, பாத்துடலாம்."

டாக்டர் சீட்டில் மனைவியின் பெயரை அடித்துவிட்டுக் கணவரின் பெயரை எழுதினார். கணவர் பெருமூச்சு விட்டார்.

"உடற்பயிற்சிக்கு நீயும் கூட வருவியா?"

"நான் எதுக்கு? அதான் என் பேரை அடிச்சாச்சே!" என்றாள், அவர் சட்டையை வாங்கி மடித்தபடி.