ஆரிஃபாவின் மண்கல்

சிமெண்டைக் குறைத்து, சூளையில் சுடாத மண்கல்லால் வீடு கட்டப்போகிறாளாம் எங்கள் தெரு ஆரிஃபா. அச்சில் அழுத்தி அடுக்கிய மண்கல் மேல் சாக்கை விரித்து, காலை வெயிலில் தண்ணீர் விடுகிறாள். உப்பளத்துக்குப் போகிற சாலம்மாள் ஓடிவந்து குழாயை மூடுகிறாள். மழை வந்தால் உப்பை மூடியே பழகிய கை, சும்மா இருக்குமா?

"மண்ணு கரைஞ்சிடும்டி!"

"ஐயோ அக்கா, ஒரு மாசம் ஈரமா இருந்தாதான் இது இறுகும்! நேத்து நான் பாண்டிக்குப் போன நேரம் பார்த்து மூடிட்டீங்க. நாப்பது கல்லு விரிசல். என் சுவரே போச்சு!" ஆரிஃபா விரிசல் விட்ட கல் ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறாள்.

"நேத்து நான் இந்தப் பக்கமே வரலைடி!" சாலம்மாள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறாள்.

பாவம், அவள் சொல்வது உண்மைதான். நேற்று அதே பயத்தில் குழாயை மூடிய நான், தூரத்தில் மின்னும் உப்புக் குவியல்களை மும்முரமாக எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.