உதைக்கிற கணக்கு

“ஏழாயிரமா? ஏழு வருஷமா அதே ஏழாயிரமா?”

கேட்டவருக்கு ஆபீசில் ‘சதவீதம்’ என்று பெயர். டீ விலை ஏறினால்கூட எத்தனை சதவீதம் என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். வாழ்க்கையில் முதல்முறையாக வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கப் போகிறார். பார்க்க மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

வீட்டை விற்பவர் கதவருகே நின்று காதைச் சொறிந்தார்.

“அந்தப் பொண்ணு ஒண்ணாம் தேதி விடிஞ்சதும் வாடகையைக் கையில கொடுத்துடும் சார். குழாய் ஒழுகினாக்கூட அதுவே ஆள் வெச்சுச் சரி பண்ணிக்கும். அதுகிட்டப் போய் ஏத்திக் கொடுன்னு கேக்க வாய் வரல.”

சதவீதம் பாக்கெட் நோட்டை எடுத்தார். அவர் கணக்கில் வருஷத்துக்குப் பதினோரு மாசம்தான். ஒரு மாசம் வீடு காலியாகக் கிடக்கும், வெள்ளையடிக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கழித்துவிடுவார்.

“வீடு இருபது லட்சம். பதினோரு மாச வாடகை எழுபத்தேழாயிரம். நாலு சதவீதம்கூட வரல. கணக்கு உதைக்குதே.”

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குடியிருக்கும் பெண் சட்டைக் காலர் தைத்துக்கொண்டே இவர்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். மெஷின் நின்றது.

“நீங்க வாங்கினா வாடகை ஏறுமா சார்?”

“பக்கத்து வீட்டுல பதிமூணு வாங்கறாங்களேம்மா.”

“பதிமூணு என்னால ஆகாது சார். பொண்ணு ஸ்கூல் அடுத்த தெருவுல. கஸ்டமர் எல்லாரும் இந்தத் தெருவுலதான்.”

“அதனால என்ன, வேற வீடு பார்த்துக்க மூணு மாசம் டைம் தர்றேன்” என்றார் சதவீதம், பெருந்தன்மையாக.

அந்தப் பெண் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். மூன்று தடவை தவறியது. சதவீதத்தின் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி சதவீதம் சிரித்தார்.

“ஏழு வருஷமா வாடகை ஏத்தலையாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஏமாளியா!”

“நல்ல மனுஷரா இருக்கார்னு தோணுச்சுங்க.”

“அதைத்தான் நானும் சொன்னேன். ஏமாளி.”

அங்கிருந்து நேராக பேங்க். கடன் பிரிவில் இருந்த அதிகாரியம்மா விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தார்.

“தவணை மாசம் பன்னிரண்டாயிரம் வரும். எதிர்பார்க்கும் வாடகைன்னு பதிமூணு போட்டிருக்கீங்க. இப்ப இருக்கிறவங்க கொடுக்கறது ஏழுதானே?”

“அவங்க காலி பண்ணிடுவாங்க மேடம். அப்புறம் பதிமூணுக்கு விட்டுடுவேன். வாடகையே தவணையைக் கட்டிடும். எனக்குக் கைக்காசு செலவே இல்ல.”

“சரி. உங்க பங்கு ஆறு லட்சம். அது எப்படி வந்ததுன்னு ஒரு வரி எழுதணும். தப்பா நினைக்காதீங்க, உங்க சம்பளம், ரெண்டு பிள்ளைங்க ஃபீஸ் எல்லாம் பார்த்தா இவ்வளவு சேர்த்தது பெரிய விஷயம்.”

சதவீதத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாங்க வாடகை வீட்டுலதான் இருக்கோம் மேடம். குடி வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. எங்க ஓனர் இதுவரைக்கும் வாடகை ஏத்தவே இல்ல. ஏத்தியிருந்தா போயிருக்கும்ல, அந்தக் காசை மாசாமாசம் பேங்க்ல போட்டுட்டு வந்தேன்.”

“ஒன்பது வருஷமாவா? ஏன் ஏத்தலையாம்?”

“நல்ல மனுஷர் மேடம்.”

பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள்:

“கொஞ்ச நேரம் முன்னாடி அப்படிப்பட்டவருக்கு வேற பேர் சொன்னீங்களேங்க.”

சதவீதத்துக்கு முகம் சிவந்தது.

அதிகாரியம்மா எழுதி முடித்து விண்ணப்பத்தை அவர் பக்கம் திருப்பினார்.

“எல்லாம் சரியா இருந்தா கீழே கையெழுத்துப் போடுங்க.”

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. பதிமூணாயிரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏழாயிரம் என்று எழுதினார்.

“என்ன சார் இது? மாசாமாசம் ஐயாயிரம் உங்க கையிலேர்ந்து போகுமே. கணக்கு உதைக்குதே!”

“உதைக்கட்டும் மேடம். எங்க ஓனருக்கும் ஒன்பது வருஷமா உதைச்சிருக்கும்தானே?”